வெயிலில் தெரியாத திரை

கடற்கரைச் சாலையில் காலை எட்டு மணிக்கு மேல் சிறிது நேரம் நின்று பாருங்கள். நடை முடித்துத் திரும்பும் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். சட்டைப் பையில் கைபேசி மணி அடிக்கும். எடுத்துப் பார்ப்பார்கள். திரையில் தம் முகமும் பின்னால் வானமும்தான் தெரியும். ஒரு கையைக் குடையாகப் பிடிப்பார்கள், உடம்பைத் திருப்பி நிழல் தேடுவார்கள், கடைசியில் "கண்ணு போச்சுப்பா, டாக்டரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

சென்ற கோடையில் என் நண்பர் ஒருவர், அரசுப் பணியிலிருந்து என்னோடு ஓய்வு பெற்றவர், உச்சி வெயிலில் இளநீர் குடித்துவிட்டு 50 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய் அனுப்பிவிட்டார். கடையில் வைத்திருக்கும் பேசும் பெட்டி "ஐந்நூறு ரூபாய்" என்று கூவியதால்தான் தெரிந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் நண்பர் அன்றிலிருந்து தெம்பை இழந்துவிட்டார். இனி பணம், வங்கி எல்லாம் மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். நாற்பது வருடம் அரசாங்கக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதியவர் சொல்லும் பேச்சா இது?

குற்றம் கண்ணில் மட்டும் இல்லை. திரையிலும் இருக்கிறது. அந்தத் திரை இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் பௌதிகப் புத்தகத்தில் படித்த சில பெயர்கள் வருகின்றன. அந்த ஆசையும் சேர்ந்துதான் என்னை எழுத வைத்தது.

பகலில் நட்சத்திரங்கள் எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை. இரவில் எரிந்த அதே அளவில்தான் எரிகின்றன. அவற்றின் மேல் வானத்தின் வெளிச்சம் வந்து மூடிக்கொள்கிறது. கைபேசிக்கும் இதே கதிதான். இதை முதலில் அளந்து பார்த்தவர் பியேர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1698-ல் பிரெத்தாஞ் கடற்கரையில் உள்ள லெ குருவாசிக் என்ற சிறு துறைமுகத்தில் பிறந்தவர். பூமியின் வடிவத்தை அளக்க 1735-ல் பெரு நாட்டுப் பக்கம் போன குழுவில் இவரும் இருந்தார். ஆனால் இவருடைய பெரிய வேலை ஒளியை அளந்ததுதான். 1729-லேயே அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இறந்தபின் 1760-ல் பெரிய நூல் வெளிவந்தது.

அவர் செய்த சோதனை ஒன்றை நம் வீட்டிலும் செய்யலாம். இருட்டறையில் ஒரு வெள்ளைப் பரப்பு. அருகில் ஒரு மெழுகுவர்த்தி. இன்னொரு மெழுகுவர்த்தியின் முன் ஒரு குச்சியை நிறுத்தி அதன் நிழலை அந்தப் பரப்பில் விழச் செய்தார். இந்த இரண்டாவது மெழுகுவர்த்தியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் நிழல் மங்கும். முதல் மெழுகுவர்த்தி இருக்கும் தூரத்தைப் போல 8 மடங்கு தூரம் போனதும் நிழல் அடியோடு மறைந்துவிட்டது. 8 மடங்கு தூரம் என்றால் ஒளி 64-ல் ஒரு பங்கு. அதாவது ஒரு ஒளி, தன்னை மூடியிருக்கும் ஒளியில் 64-ல் ஒரு பங்குக்குக் குறைந்தால், கண்ணுக்கு அது இல்லாத மாதிரிதான். கண் வெளிச்சத்தின் அளவைப் பார்ப்பதில்லை, ஒன்றுக்கு ஒன்று உள்ள விகிதத்தைப் பார்க்கிறது. இன்று கைபேசி விற்பவர்கள் சொல்லும் காண்ட்ராஸ்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது பூகேரின் இந்த இரண்டு மெழுகுவர்த்திகள்தான். சூரியன் முழு நிலவைப்போல் 3 லட்சம் மடங்கு பிரகாசம் என்று மெழுகுவர்த்தியை வைத்தே அவர் கணக்கிட்டார். இன்றைய கருவிகள் 4 லட்சம் என்கின்றன. மெழுகுவர்த்தியை வைத்து இவ்வளவு நெருங்கியதே பெரிய விஷயம்.

பிறகு ஒளிக்கு அலகு வேண்டியிருந்தது. பிரான்சில் கார்செல் என்ற எண்ணெய் விளக்கை அலகாக வைத்திருந்தார்கள். மணிக்கு 42 கிராம் கோல்சா எண்ணெய் குடிக்கும் விளக்கின் வெளிச்சம் ஒரு கார்செல். எங்கள் கருவூலத்துக்காரர்கள் வகுத்த அலகு மாதிரி இருக்கிறது, எண்ணெய்ச் செலவுக்கு ரசீது வைத்தால் வெளிச்சத்தையும் தணிக்கை செய்துவிடலாம். கடைசியில் 1948-ல் உலகம் முழுவதற்கும் கண்டேலா என்ற அலகு வந்தது. அதற்குச் சற்று முன்பு வரை அதன் பெயர் "புதிய பூழி". பூழி என்றால் பிரெஞ்சில் மெழுகுவர்த்தி. (அல்ஜீரியாவில் மெழுகு ஏற்றுமதி செய்த ஒரு துறைமுகத்தின் பெயர் அது.) ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு கண்டேலா வந்தால் அதற்கு ஒரு நிட் என்று பெயர். கைபேசிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 500 நிட், 1,000 நிட் என்பதெல்லாம் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், நான்காம் வகுப்புக் கணக்குதான்.

நடுப்பகல் வெயில் தரையில் சுமார் 1 லட்சம் லக்ஸ். குழல்விளக்கு எரியும் அலுவலகத்தில் மேசை மேல் 500 லக்ஸ் கிடைத்தால் அதிகம். நம் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டவர் வெயிலில் நின்றால், அந்தச் சட்டையே ஒரு விளக்கு. வெயில் நேரே படும் வெள்ளைத் துணியிலிருந்து 20,000 நிட்டுக்கு மேல் வெளிச்சம் வரும். கையில் ஒரு சாதாரண கைபேசி, அதன் திரை 500 நிட். திரைக்கு மேல் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தன் மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 100-க்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். சட்டையின் 20,000-ல் 4 சதவீதம் 800 நிட். திரை தருவது 500, உங்கள் சட்டையின் பிம்பம் தருவது 800! திரையில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் 500-உம் 800-உம் சேர்ந்து 1,300. கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து 800. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். வீட்டுக்குள் இதே திரையில் அந்த விகிதம் பல நூறு மடங்கு. செய்தித்தாளில் மைக்கும் தாளுக்கும் ஆறேழு மடங்குதான், ஆனால் வெயிலானாலும் நிழலானாலும் அந்த ஆறேழு மாறாது. வெயில் அடித்தால் தாளும் கூடவே பிரகாசிக்கும். அதனால்தான் பேப்பர் படிப்பவர் வெயிலைக் கண்டு பயப்படுவதில்லை.

இதில் கண்புரையும் சேர்ந்தால் கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி இன்னொரு வெள்ளைத் திரை விழும். வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1,300-க்கு 800 என்ற கணக்கில் நம் பேரனுக்கும் சிரமம்தான். அவன் இளம் வயதுக்காரன், சமாளித்துவிடுகிறான்.

அந்த 4 சதவீதக் கணக்கைத் தந்தவர் ஓகுஸ்தேன் ஃப்ரெனெல், 1823-ல். பாலங்களும் சாலைகளும் கட்டும் அரசுத் துறைப் பொறியாளர். அரசாங்க வேலையில் இருந்துகொண்டே ஒளியை ஆராய்ந்தவர், 39 வயதில் காசநோயில் போய்விட்டார். அவருக்கு முன்னால் எத்தியேன் மாலுய்ஸ். நெப்போலியனோடு எகிப்து போன படைப் பொறியாளர், யாஃபாவில் பிளேக் வந்து பிழைத்தவர். 1808-ல் பாரீசில் தம் வீட்டு ஜன்னலிலிருந்து லுக்ஸம்பூர் அரண்மனையின் கண்ணாடிகளில் மாலைச் சூரியன் மின்னுவதை ஒரு ஐஸ்லாந்துப் படிகத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும். ஆனால் அதைச் சுழற்றும்போது கண்ணாடியில் தெரிந்த சூரியனின் ஒரு பிம்பம் மங்கிப்போனது, பிறகு மற்றது மங்கியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிரும்படி மாறிவிடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு போலரைசேஷன் என்று பெயர் வைத்தவரும் அவரே. எங்கள் பௌதிக முசே இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பறையின் மரச்சட்ட ஜன்னலைத் திறந்து வைத்து, எதிர்வீட்டுக் கண்ணாடியைக் காட்டியது நினைவிருக்கிறது. இதனால் என்ன பயன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாலுய்ஸ் பார்த்த இந்த விசித்திரம் இல்லாமல் இன்றைய கைபேசித் திரைகளில் பெரும்பாலானவை இல்லை.

திரவப் படிகம் என்பது அதற்குப் பிறகு வந்தது. 1888-ல் பிராகு நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது இரண்டு முறை உருகியது. 145 டிகிரியில் கலங்கலான திரவம், 178 டிகிரியில் தெளிந்த திரவம். நடுவில் இருந்தது திரவமா படிகமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. 1922-ல் ஜோர்ழ் ஃப்ரிதெல் என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றை வகை பிரித்துப் பெயர் வைத்தார். அதில் நெமாடிக் என்பது நூல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எல்.சி.டி. திரைகளில் இருப்பது இந்த நெமாடிக் வகைதான். பின்னாளில் இதே துறையில் உழைத்த பியேர்-ஜில் த ஜென் 1991-ல் நோபல் பரிசு பெற்றார். நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், 1977-ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் குழுவினரோடு காசு போல வட்டத் தட்டையான மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்று காட்டினார். எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி செய்ய ஒட்டும் ஒரு படலம் இந்த வகைப் பொருளால் ஆனது. நோபல் பெற்ற இன்னொரு சந்திரசேகரை மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இனி கைக்கடிகாரம். நம் ஊரில் சொல்தா குடும்பங்கள் பலருக்கும் இது நினைவிருக்கும். எழுபதுகளின் நடுவில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் சிவப்பு எழுத்துக் கடிகாரம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் எண்கள் நெருப்பாக எரியும். 1972-ல் அமெரிக்காவில் பல்சர் என்ற பெயரில் 2,100 டாலருக்கு முதலில் வந்த வகை அது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் கையில் கட்டிக்கொண்டு வந்தார். உறவினர் இரவு விருந்தில் பொத்தானை அழுத்தினால் கூட்டம் கூடும். மறுநாள் பகலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது யாராவது மணி கேட்டால், கையைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். சாவி கொடுக்கும் கடிகாரம் கட்டியிருந்த எங்களுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சில வருடம் கழித்து அவரே சாம்பல் நிறத்தில் கறுப்பு எண் காட்டும் கடிகாரத்தோடு வந்தார். எல்.சி.டி. 1970-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்ற இருவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. இரண்டு போலரைசிங் தாள்களுக்கு நடுவே முறுக்கிய நெமாடிக் திரவம், பின்னால் ஒளியைத் திருப்பும் ஒரு தாள். அவ்வளவுதான். இதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலிருந்து விழும் ஒளியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், செய்தித்தாளைப் போல. வெயில் ஏற ஏற எண் தெளிவாகும். இருட்டில் ஒன்றும் தெரியாது. 1973-ல் இப்படி ஒரு கால்குலேட்டரை ஷார்ப் நிறுவனம் கொண்டுவந்தது. எங்கள் அலுவலகத்துக்கு அந்த வகை கால்குலேட்டர் வந்தபோது ஜன்னலோர மேசைக்குப் போட்டி வந்துவிட்டது. சீனியாரிட்டிப்படி ஒதுக்கவேண்டும் என்று ஒருவர் வாய்மொழியாக முறையிட்டார். அதே அறையில் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு நேர் எதிர்க் கதை. ஜன்னலைச் சாத்து, திரைச்சீலையைப் போடு, மானிட்டர் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டு என்றார்கள். வெளிச்சம் வருவதற்காக ஆளுயரத்துக்கு ஜன்னல் வைத்துக் கட்டிய பழைய பிரெஞ்சுக் கட்டடத்தைப் பட்டப்பகலில் இருட்டாக்கி வேலை பார்த்தோம்.

ஆக, திரைகளில் அப்போதே இரண்டு ஜாதி. ஒன்று, தானே எரிந்து சூரியனோடு மல்லுக்கு நிற்பது. இன்னொன்று, சூரியனையே விளக்காக வைத்துக்கொள்வது.

நாம் முதலில் வாங்கிய கைபேசிகள் இரண்டாவது ஜாதி. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் சுக்ராமை அழைத்தது. அடுத்த பத்து வருடத்தில் வந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் திரைகள். 2003-ல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? தலையில் டார்ச் விளக்கு, தூசு புகாத விசைகள். உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. மீன்காரம்மா, கட்டட மேஸ்திரி, ஆட்டோக்காரர், அலுவலக எழுத்தர் எல்லோர் கையிலும் அதுதான். வெயிலில் திரை தெரியவில்லை என்று ஒருவரும் புகார் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரவில் பின்னால் பச்சை விளக்கு எரியும், பகலில் சூரியன் போதும்.

கெடுத்தது வண்ணம். வண்ணத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கை விட்டு மற்றதை விழுங்கும். போலரைசிங் தாள் பாதியை விழுங்கும். மற்ற அடுக்குகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பின்னாலிருந்து கிளம்பும் ஒளியில் 100-க்கு ஐந்தாறு பங்குதான் வெளியே வரும். சூரிய ஒளியை வாங்கித் திருப்பவேண்டுமானால் இந்தச் சுங்கச்சாவடியை உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை தாண்டவேண்டும். மிஞ்சுவது மங்கலான சேறு. இரண்டு வழியையும் கலந்து சில நிறுவனங்கள் செய்து பார்த்தன, வண்ணம் சோகையாக இருந்தது. கடையில் பக்கத்தில் வைத்தால் தோற்றுவிடும். பின்விளக்கைக் கூட்டு என்ற முடிவுக்கு வந்தார்கள். நீல எல்.ஈ.டி. கண்டுபிடித்ததால் வெள்ளை விளக்கு சிறிதாகவும் மலிவாகவும் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் கிடைத்தது.

2006 நவம்பர் முதல் 2007 நவம்பர் வரையிலான ஓராண்டுதான் இந்த வரலாற்றின் முச்சந்தி என்பேன். அந்த ஓராண்டில் நான்கு பொருள்கள் வந்தன.

முதலில் மோட்டோரோலா நிறுவனத்தின் மோட்டோஃபோன். 2006 நவம்பரில், உலகத்திலேயே முதலில் இந்தியாவில் வெளியிட்டார்கள். விலை குறைவு, விரல் அளவு தடிமன்கூட இல்லை. அதன் திரை மின்மைத் திரை. தலைமுடியைப் போன்ற பருமனுள்ள நுண்குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கும். மின்சாரம் கொடுத்தால் வேண்டிய துகள் மேலே வரும். அச்சடித்த காகிதம் மாதிரி இருக்கும், உச்சி வெயிலில் பளிச்சென்று தெரியும். கல்குவாரியிலும் வயலிலும் நிற்பவருக்கு இதைவிட நல்ல திரை அன்று இல்லை. படிக்கத் தெரியாதவருக்கு மெனுவைக் குரலில் சொல்லவும் செய்தது. ஆனால் ஒரு வரிக்கு 6 எழுத்து வீதம் இரண்டே வரிகள். எழுத்துகளும் கால்குலேட்டர் எண் மாதிரி கோடு கோடாகக் கட்டியவை. ஒரு குறுஞ்செய்தியைப் படிக்கப் பத்துமுறை தள்ளவேண்டும். நம் தமிழ் எழுத்தை அந்தக் கோடுகளில் கட்டவே முடியாது. போணியாகவில்லை.

அடுத்தது 2007 ஜனவரியில் அறிவித்து ஜூனில் விற்பனைக்கு வந்த ஐஃபோன். முகம் முழுக்கக் கண்ணாடி, பின்விளக்கு, பளபளக்கும் வண்ணம். முதல் ஜாதி.

நவம்பரில் இரண்டு. ஒன்று, அமேசானின் கிண்டில் என்ற படிக்கும் கருவி, மின்மைத் திரை. இன்னொன்று, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலர் மடிக்கணினி என்று நிகோலஸ் நெக்ரோபோன்டே முழங்கிய எக்ஸ்.ஓ. விலை 100-ல் நிற்கவில்லை என்பது தனிக்கதை. நம் மத்தியக் கல்வித்துறையும் 2006-லேயே வேண்டாம் என்று கோப்பை மூடிவிட்டது. ஆனால் அதன் திரை அபாரம். மேரி லூ ஜெப்சன் என்ற அம்மையார் வடிவமைத்தது. அறைக்குள் வண்ணம், மரத்தடிக்குப் போய்ப் பின்விளக்கை அணைத்தால் வெயிலையே வாங்கிக் கறுப்பு வெள்ளையில் எழுத்து காட்டும். மின்செலவும் குறையும். அந்தத் திரைக்காக அவர் தொடங்கிய நிறுவனம் நீடிக்கவில்லை.

நான்கில் மூன்று சூரியனோடு சமாதானமாகப் போனவை, ஒன்று சண்டைக்கு நின்றது. சண்டைக்கு நின்றதுதான் உலகத்தைப் பிடித்தது. கிண்டில் ஒரு மூலையில் பிழைத்துக்கொண்டது. ஏன்? மின்மைத் திரையில் படம் ஓடாது, அது மெதுவானது என்பது ஒரு காரணம். என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. கைபேசியை யாரும் தெருவில் நின்று வாங்குவதில்லை. குளிரூட்டிய கடையில், கறுப்புக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வாங்குகிறோம். அங்கே எது மின்னுகிறதோ அதுதான் நல்ல பொருள். புடவைக் கடைக்குப் போனால் நம் வீட்டுப் பெண்கள் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார்கள். 20,000 ரூபாய்க் கைபேசிக்கு நாம் யாரும் அதைச் செய்வதில்லை.

அதற்குப் பின் நடந்தது முழுக்க நிட் பந்தயம். எல்.சி.டி. போய் ஓ.எல்.ஈ.டி. வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றும் தானே எரியும் வகை. 1953-ல் நான்சி பல்கலைக்கழகத்தில் ஆந்திரே பெர்னனோஸ் கரிமச் சாயப்பொருளை மின்சாரத்தால் ஒளிர வைத்தார். 1987-ல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான்ஸ்லைக்கும் அதைப் பயன்படும் வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு சங்கடம். புள்ளிகளுக்கு அடியில் உலோகத் தகடு இருக்கிறது, அது கண்ணாடி மாதிரி முகம் காட்டும். அதை மறைக்க ஒரு தாள் ஒட்டுகிறார்கள். உள்ளே போகும் வெளியொளி வட்டமாகச் சுழன்று போய், உலோகத்தில் பட்டு எதிர்ச்சுழலாகத் திரும்பி, அதே தாளில் மாட்டிக்கொள்ளும். இந்த வட்டச் சுழல் ஒளிக்கு 1822-ல் பெயர் வைத்தவரும் நம் ஃப்ரெனெல்தான். ஆனால் அந்தத் தாள் திரையின் சொந்த ஒளியிலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது.

2022-ல் ஐஃபோன் 14 புரோ வெயிலில் 2,000 நிட் என்றார்கள். பிறகு விளம்பரங்களில் 6,000 என்றுகூட அச்சிட்டார்கள். திரையில் ஒரு சிறு மூலை மட்டும், சில நொடி மட்டும் எட்டும் எண் அது. முழுத்திரைக்கும் இல்லை. 2,000 நிட்டையே நம் வெள்ளைச் சட்டைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2,800-க்கு 800, மூன்றரை மடங்கு. இவ்வளவு செலவுக்குப் பிறகும் செய்தித்தாளில் பாதி! அதுவும் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் பிடித்தால் கைபேசி சூடாகித் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். எப்போது அதிகம் வேண்டுமோ அப்போது கைவிடும்.

நண்பருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டரி மிச்சம் என்று நம்மில் பலர் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து வைத்திருக்கிறோம். அதை அணைத்தால் பல கைபேசிகள் தங்கள் உச்ச வெளிச்சத்துக்குப் போகவே போகாது. கையால் கோட்டைக் கடைசி வரை இழுத்தாலும் அதற்கு மேல் ஒரு படி ஒளித்து வைத்திருப்பார்கள், வெயிலைக் கண்டால்தான் அது திறக்கும். வெயிலை அறியும் சிறு கண் திரையின் மேற்பகுதியில் இருக்கும். உறையோ விரலோ அதை மூடக்கூடாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வீட்டுக்குள் கண்ணுக்கு இதம், வெளியே அதுதான் எமன். முழுத்திரையும் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். குமிழ் விழுந்த பழைய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி எறியுங்கள். நடுவில் காற்று புகுந்த ஒவ்வொரு பரப்புக்கும் அதே 4 சதவீத அபராதம் உண்டு. போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி போட்டிருந்தால் சில திரைகள் ஒரு பக்கம் திருப்பும்போது கறுத்துப்போகும். கைபேசி செத்துவிட்டது என்று பதற வேண்டாம், கண்ணாடியைக் கழற்றுங்கள், அது மாலுய்ஸின் வேலை. முக்கியமாக, வெளியில் பணம் அனுப்பும் நாளில் வெள்ளைச் சட்டையைத் தவிர்த்துக் கருநீலமோ மரநிறமோ போடுங்கள். இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

வீராம்பட்டினம் பக்கம் போனால், படகில் இருப்பவர் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் கைபேசி பார்ப்பதைக் காணலாம். நம் சின்ன வயதில் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தது அதே காரணத்துக்குத்தான், பின்கண்ணாடியில் விழும் பிம்பத்தை வெளிச்சம் தின்றுவிடக் கூடாதே என்று. நூறு நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் துணியை விடச் சிறந்த வழி கிடைக்கவில்லை பாருங்கள். அதே வீராம்பட்டினத்தில், 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் புதுவைக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையத் திட்டம் வந்தபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துக் கரையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

ஃப்ரெனெலின் பெயரைச் சொன்னால் கலங்கரை விளக்கங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. 1836-ல் ஏற்றிய நம் பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை பார்ப்போம்.